நீண்ட ஆவணத்துக்கு வேர்டா, ரைட்டரா? பக்க அமைப்பை வைத்து ஓர் அலசல்

இருநூறு பக்கத்தைத் தாண்டிய ஒரு பயிற்சிக் கையேட்டை நான்தான் தொகுத்துப் பராமரிக்கிறேன். முதல் இரண்டு பதிப்புகள் மைக்ரோசாஃப்ட் வேர்டில் உருவானவை. மூன்றாம் பதிப்பை லிப்ரே ஆபிஸ் ரைட்டருக்கு மாற்றினேன். நீண்ட ஆவணத்துக்கு எது நல்லது என்று கேட்பவர்களுக்கு இப்போது தயங்காமல் ரைட்டர் என்றே சொல்கிறேன். ஏன் என்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், அதையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். ரைட்டர் இலவசம், வேர்டுக்குக் காசு. இரண்டு பக்கக் கடிதம், விண்ணப்பம், அறிக்கை என்றால் எதில் செய்தாலும் ஒன்றுதான். எழுத்துப்பிழை திருத்தம், அட்டவணை, படம் செருகுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. பலர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதும் முதல் வரைவுக்குக் கூகுள் டாக்ஸ் வசதி. அதிலும் செக்ஷன் பிரேக் (ஆவணத்தைத் தனித்தனி அமைப்புள்ள பகுதிகளாகப் பிரிக்கும் குறி) இருக்கிறது, ஆனால் பக்கத்துக்குப் பெயர் வைத்து ஆளும் வசதி இல்லை. அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

என் கையேட்டின் அமைப்பு இது. முன்பக்கங்களுக்கு ரோமன் எண். முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3. நடுவில் அகலமான அட்டவணைகளுக்காகக் கிடைமட்டப் பக்கங்கள். கடைசியில் பின்னிணைப்பு, அதற்குத் தனித் தலைப்பு வரி (பக்கத்தின் மேல்விளிம்பில் வரும் ஹெடர்). பாடநூல், ஆய்வேடு, நிறுவன அறிக்கை எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே தேவைதான் இருக்கும்.

வேர்டில் இதற்கு ஒரே வழி செக்ஷன் பிரேக். இரண்டாம் பதிப்பை முடிக்கும் தறுவாயில், நான்காம் அத்தியாயத்தின் முடிவில் ஒரு வெற்றுப் பக்கம் வந்து நின்றது. அடுத்த பக்கம் கிடைமட்ட அட்டவணை. வெற்றுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினேன். பக்கம் போனது, அட்டவணை மேலே வந்தது, திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. சேமித்து மூடிவிட்டேன். மறுநாள் காலை பொருளடக்கத்தைப் புதுப்பித்தால் எண்கள் எங்கோ ஓடியிருந்தன. மேலே உருட்டிப் பார்த்தேன். முதல் அத்தியாயத்திலிருந்து நான்காம் அத்தியாயம் வரை அத்தனை பக்கமும் கிடைமட்டமாகப் படுத்திருந்தது. தலைப்பு வரியில் அட்டவணைப் பகுதியின் தலைப்பு ஏறியிருந்தது.

இதை வேர்டின் பிழை என்று சொல்ல முடியாது, அது வடிவமைக்கப்பட்ட விதமே அப்படி. ஒரு செக்ஷனின் ஓரம், திசை, தலைப்பு வரி, அடி வரி, எண் முறை எல்லாம் அந்தச் செக்ஷனின் முடிவில் இருக்கும் பிரேக்குக்குள் தங்கியிருக்கின்றன. கடைசிச் செக்ஷனுடையவை ஆவணத்தின் கடைசிப் பத்திக் குறியில் இருக்கின்றன. பிரேக்கை அழித்தால் அதற்கு மேலே உள்ள உரை, கீழே உள்ள செக்ஷனோடு சேர்ந்து அதன் அமைப்பை வாங்கிக்கொள்ளும். கீழே கை வைத்தால் மேலே உடைகிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் மாற்றம் தெரியாது, பார்க்காத அறுபது பக்கத்தில் தெரியும்.

உடனே கவனித்தால் கன்ட்ரோல்+இசட் போதும். சேமித்து மூடிய பிறகு என்றால், பிரேக்கை மீண்டும் போட்டு, திசை, தலைப்பு வரி, எண் எல்லாவற்றையும் கையால் திருப்பிக் கட்ட வேண்டும். வேர்டிலேயே தொடர்பவர்களுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். எதையும் அழிக்கும் முன் வியூ மெனுவில் டிராஃப்ட் பார்வைக்குப் போங்கள். செக்ஷன் பிரேக் அங்கே இரட்டைப் புள்ளிக் கோடாகப் பெயரோடு தெரியும். கன்ட்ரோல்+ஷிப்ட்+8 அழுத்தினால் மறைந்திருக்கும் பத்திக் குறிகளும் வெளியே வரும். வெற்றுப் பக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு காலிப் பத்திதான், அதை மட்டும் அழித்தால் போதும். அந்தக் காலிப் பத்தி ஓர் அட்டவணைக்குப் பின்னால் ஆவணத்தின் கடைசியில் இருந்தால் அதை அழிக்க முடியாது, எழுத்தளவை 1 ஆக்கிச் சுருக்கிவிடலாம்.

அடுத்தது 'லிங்க் டு பிரீவியஸ்'. வேர்டில் புதிய செக்ஷன் பிறக்கும்போதே அதன் தலைப்பு வரியும் அடி வரியும் முந்தைய செக்ஷனோடு கட்டப்பட்டிருக்கும். இங்கே எழுத்தை மாற்றினால் அங்கேயும் மாறும். கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் தட்டச்ச வேண்டும். தலைப்பு வரிக்குத் தனியாக, அடி வரிக்குத் தனியாக. முதல் பக்கம் வேறு, ஒற்றை இரட்டைப் பக்கம் வேறு என்று வைத்திருந்தால் ஒரு செக்ஷனுக்கு 6 கட்டுகள். என் கையேட்டில் 5 செக்ஷன்கள். முதலாவதற்கு முந்தையது இல்லை, மீதி நான்குக்கும் சேர்த்து 24 கட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை என்றால் பரவாயில்லை, ஒவ்வொரு பதிப்பிலும் புதிதாக ஒரு கிடைமட்டப் பக்கம் நுழையும்போது மறுபடியும் இதே வேலை.

ரைட்டர் இதைக் கையாளும் விதம் அடிப்படையிலேயே வேறு. அங்கே பக்கத்துக்கே ஸ்டைல் உண்டு. எஃப்11 அழுத்தி, பேஜ் ஸ்டைல் பட்டியலைத் திறந்தால் நான் வைத்திருக்கும் பெயர்கள் தெரியும்: முன்பக்கம், அத்தியாய முதல் பக்கம், நூல் பக்கம், அகலப் பக்கம், பின்னிணைப்பு. ஓரம், திசை, தலைப்பு வரி, எண் முறை எல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. உரையை எப்படி வெட்டினாலும் ஒட்டினாலும் அந்தப் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். அகலப் பக்கம் வேண்டிய இடத்தில் இன்செர்ட் மெனுவில் மேனுவல் பிரேக் எடுத்து, பேஜ் பிரேக் என்பதில் 'அகலப் பக்கம்' தேர்ந்தெடுத்தால் தலைப்பு வரி உட்பட எல்லாம் தயாராக வந்து நிற்கும். எண்ணை 1-லிருந்து தொடங்க வேண்டுமானால் அதே பெட்டியில் எண்ணையும் கொடுக்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஹெடிங் 1 என்ற பத்தி ஸ்டைலைத் திறந்து, டெக்ஸ்ட் ஃப்ளோ தாவலில், 'இதற்கு முன் பக்கம் உடையட்டும், அத்தியாய முதல் பக்கம் என்ற ஸ்டைலோடு' என்று அமைத்துவிட்டேன். அத்தியாய முதல் பக்கத்தின் 'அடுத்த ஸ்டைல்' நூல் பக்கம். இப்போது ஓர் அத்தியாயத் தலைப்பைத் தட்டி ஹெடிங் 1 கொடுத்தால் போதும். புதுப் பக்கம் பிறக்கிறது, அந்தப் பக்கத்தில் மட்டும் தலைப்பு வரி இல்லை, அடுத்த பக்கத்திலிருந்து தானாக வந்துவிடுகிறது. அத்தியாயத்தை இழுத்து வேறு இடத்தில் வைத்தாலும் அமைப்பு கூடவே போகிறது.

ரைட்டரில் பிரேக் அழியாதா என்றால், அழியும். பிரேக் அங்கே அடுத்து வரும் பத்தியின் குணமாக இருக்கிறது. அதை நீக்கினால் கீழே உள்ள பக்கங்கள் மேலே உள்ள ஸ்டைலுக்குப் போய்விடும். ஆனால் மாற்றம் நம் கண் முன்னால், நாம் நிற்கும் பக்கத்திலேயே நடக்கிறது. திருப்பிக் கட்ட ஒரே ஒரு பிரேக்கைப் போட்டால் போதும், மற்றதெல்லாம் பெயருக்குள் பத்திரமாக இருக்கிறது. பராமரிப்பு என்று நான் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். முதல் பதிப்பை உருவாக்க இரண்டிலும் ஏறக்குறைய ஒரே உழைப்பு, இரண்டாவது திருத்தத்தில்தான் கணக்கு மாறுகிறது.

ரைட்டரிலும் பொறிகள் உண்டு. பேஜ் ஸ்டைல் பட்டியலில் ஒரு பெயரை இருமுறை சொடுக்கினால் ஒரு பக்கம் மட்டும் மாறாது, அந்த ஓட்டத்தில் உள்ள பக்கங்கள் எல்லாம் மாறும். ஒரு பக்கம் மட்டும் மாற வேண்டுமானால் முன்னும் பின்னும் பிரேக் வேண்டும். வேர்டிலிருந்து வருபவர்கள் முதல் வாரத்தில் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இன்னொன்று, பத்தி ஸ்டைல்கள் ஒன்றிலிருந்து ஒன்று குணம் வாங்கும், பேஜ் ஸ்டைல்களுக்கு அந்த உறவு கிடையாது. ஐந்து ஸ்டைல் என்றால் ஓரத்தை ஐந்திலும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது பொறி கொஞ்சம் விசித்திரமானது. ரைட்டர் ஒற்றைப்படை எண்ணை எப்போதும் வலப்பக்கமாகவே கருதும். முன்பக்கங்கள் ரோமன் 7-இல் முடிந்து அடுத்தது 1 என்று தொடங்கினால், இரண்டும் ஒற்றைப்படை என்பதால் நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் தானே நுழைக்கும். ஆவணத்தில் தேடினால் அழிக்க எதுவும் கிடைக்காது, பிடிஎஃப்பில் வந்து நிற்கக்கூடும். அச்சுப் புத்தகத்துக்கு அது சரியான நடத்தைதான். திரையில் படிக்கும் கோப்பு என்றால், பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களை ஏற்றுமதி செய்யும் தேர்வில் டிக் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

ஆவணத்துக்குள் நடமாடுவதில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன. வேர்டில் கன்ட்ரோல்+எஃப் அழுத்தினால் இடப்பக்கம் நேவிகேஷன் பேன், அதில் ஹெடிங்ஸ் தாவல். 2010 பதிப்பிலிருந்து தலைப்பை இழுத்து நகர்த்தினால் முழுப் பகுதியும் நகரும். அழகான வசதி. ஆனால் அட்டவணைக்குள்ளோ உரைப்பெட்டிக்குள்ளோ இருக்கும் தலைப்பு அதில் தெரியாது, 'என் தலைப்பைக் காணோம்' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ரைட்டரில் எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டர். தலைப்புகளோடு அட்டவணை, படம், புக்மார்க் எல்லாம் தனித்தனிப் பட்டியலாக வரும். அட்டவணைகளுக்கு நல்ல பெயர் வைத்துவிட்டால் இருநூறு பக்கத்தில் வேண்டியதை ஒரே சொடுக்கில் பிடிக்கலாம். இரண்டிலும் ஒரே நிபந்தனை: தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிய வரி கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியும், மென்பொருளுக்கு அது வெறும் பத்தி.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று. இரண்டு மென்பொருளும் தமிழைச் சிக்கல் எழுத்துமுறை (காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்) என்ற தனிப் பிரிவில் வைக்கின்றன. ஸ்டைலில் எழுத்தளவை 12 ஆக மாற்றியும் தமிழ் அசையவில்லை என்றால், நீங்கள் மாற்றியது லத்தீன் எழுத்தின் அளவை. அதே பெட்டியில் காம்ப்ளெக்ஸ் பிரிவிலும் மாற்ற வேண்டும். ஒரே பத்தியில் ஆங்கிலமும் தமிழும் கலந்து வரி இடைவெளி மேடு பள்ளமாக இருந்தால், இடைவெளியைக் குறிப்பிட்ட புள்ளி அளவில் நிலையாக வைத்தால் சமமாகிவிடும்.

வேர்டை விட முடியாத இடமும் இருக்கிறது. பதிப்பாளரோ அலுவலகமோ வேர்டின் டாக்ஸ் (.docx) கோப்பில் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்பும் வேலை என்றால் வேர்டிலேயே இருங்கள். டாக்ஸ் வடிவத்தில் பேஜ் ஸ்டைல் என்ற கருத்தே இல்லை. ரைட்டரில் அழகாகப் பெயர் வைத்ததெல்லாம் அந்த வடிவில் சேமிக்கும்போது செக்ஷன்களாகிவிடும், மறுபடி திறந்தால் 'கன்வர்டட்1' என்ற மாதிரிப் பெயர்களோடு வரும். நான் ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) கோப்பை மூலமாக வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு நகல் எடுத்துக் கொடுக்கிறேன். என் அனுபவம் விண்டோஸ் கணினியில், ஒருவரோ இருவரோ திருத்தும் ஆவணத்தோடு நிற்கிறது. பத்துப் பேர் மாறிமாறித் திருத்தும் கோப்புக்கு இதையே அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சென்ற மாதம் புத்தகத்தைப் பைண்ட் செய்வதற்காக உள் ஓரத்தை அரை அங்குலம் கூட்டச் சொன்னார்கள். ஐந்து பேஜ் ஸ்டைல்களையும் திறந்து மாற்றிவிட்டு, நேவிகேட்டரில் ஒவ்வோர் அகல அட்டவணையாகத் தாவிப் பார்த்தேன். ஓர் அட்டவணை மட்டும் ஓரத்தைத் தாண்டியிருந்தது, அதன் அகலத்தைக் குறைத்தேன். பொருளடக்கத்தைப் புதுப்பித்துப் பிடிஎஃப் எடுக்கும்போது காபி ஆறியிருக்கவில்லை.