ரிமோட் சாவி: ஷோரூமா, ஜே.சி. ரோடா?

கார் ரிமோட் சாவி மக்கர் செய்தால் பெங்களூர்க்காரருக்கு நான்கு வழிகள் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். ஜே.சி. ரோட்டிலோ சிவாஜி நகரிலோ சாவிக்காரரைப் பிடிக்கலாம். ஆன்லைனில் வெறும் கூடு வாங்கி நாமே மாற்றலாம். இல்லையென்றால் சாவியே வேண்டாம் என்று பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும் புஷ் ஸ்டார்ட் கிட் மாட்டிக்கொள்ளலாம். எது மலிவு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: சாவியில் எது கெட்டது, வேலை செய்கிற சாவி கையில் இன்னொன்று இருக்கிறதா?

ஏனென்றால் ஒரே கூட்டுக்குள் மூன்று சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, பூட்டைத் திருப்பும் உலோகப் பல். இன்னொன்று, கதவைத் திறக்கும் ரிமோட் போர்டு. நம் ஊர் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் இதற்குத்தான் பேட்டரி. மூன்றாவது இம்மொபிலைசர் சிப்: இது சொல்லும் எண் சரியாக இருந்தால்தான் கார் கிளம்பும். இதற்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் இடத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் கொடுக்கிற சக்தியை வைத்தே தன் எண்ணைச் சொல்லிவிடும். பட்டன் செத்த பிறகும் சாவியைப் போட்டுத் திருகினால் வண்டி கிளம்புவது இதனால்தான்.

பட்டன் ஒருமுறை வேலை செய்து ஒருமுறை செய்யாவிட்டால், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சி.ஆர். 2032 கேட்கிற சாவிக்கு 2025-ஐப் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. இரண்டும் 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். ஆனால் தடிமன் 3.2-க்குப் பதில் 2.5 மில்லிமீட்டர்தான். உள்ளே சரியாக அழுத்தாமல் ஆடும். பழையதன் மேல் எழுதியிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

ரப்பர் பட்டன் கிழிந்து, கூடு விரிசல் விட்டிருந்தால் புதுச் சாவி தேவையே இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கூடு கிடைக்கிறது. சாதாரணச் சாவியை மடக்குச் சாவியாக மாற்றும் ஃபிளிப் கூடும் அப்படித்தான். வாங்குமுன் பல்லின் வடிவம், பட்டன் எண்ணிக்கை, பேட்டரி உட்காரும் இடம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஃபிளிப் கூட்டில் வரும் பல் வெட்டப்படாதது. அதை வெட்ட எப்படியும் சாவிக்கடைக்குப் போகத்தான் வேண்டும். வீட்டில் மாற்றுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் வேறு. சில சாவிகளில் சிப் போர்டிலேயே இருக்கும். பல சாவிகளில் அரிசி மணியைவிடச் சற்றே பெரிதாக, கூட்டின் ஒரு மூலையில் தனியாகச் செருகியிருக்கும். போர்டை மட்டும் எடுத்துக்கொண்டு பழைய கூட்டைக் குப்பையில் போட்டால், கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. புதுக்கூட்டில் ஓடுகிற வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

சாவி தொலைந்துவிட்டால், அல்லது இரண்டாவது சாவி வேண்டுமென்றால்தான் ஷோரூமா வெளியிலா என்ற போட்டி வருகிறது. விலையில் வெளிக்கடை ஜெயிக்கும். நேரத்திலும்தான்: வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் முடித்துக் கொடுப்பார்கள். சிவாஜி நகரில் தமிழிலேயே பேரம் பேசலாம். சர்வீஸ் சென்டரில் ஆர்.சி., அடையாள அட்டை கேட்பார்கள், சேசிஸ் எண்ணை வைத்து ஆர்டர் போடுவார்கள், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். தொலைந்த சாவி என்றால் போலீஸ் புகார் நகலும் கேட்கலாம். நம்மிடம் இத்தனை காகிதம் கேட்கிறவர்கள் திருடனிடமும் கேட்பார்கள் அல்லவா? அந்த அலைச்சலை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

வெளிக்கடையில் நான் முதலில் கேட்கும் கேள்வி: "பாய், குளோனா, ப்ரோக்ராமா?" குளோன் என்றால் இருக்கும் சிப்பின் நகல். காருக்கு அது புதுச் சாவி என்றே தெரியாது. ப்ரோக்ராம் என்றால் காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஓ.பி.டி. போர்ட்டில் கருவியைச் செருகி, காரின் நினைவில் புது எண்ணைப் பதிவது. இந்த வேறுபாடு சாவி தொலைந்தவருக்கு ரொம்ப முக்கியம். குளோன் போட்டால், எங்கோ கிடக்கும் அந்தத் தொலைந்த சாவியும் வண்டியைக் கிளப்பும். ப்ரோக்ராம் செய்யும்போது பழைய எண்ணை அழிக்கச் சொல்லலாம். பல கார்களில், அந்த நேரத்தில் அருகில் இல்லாத சாவி எல்லாமே அழிந்துவிடும். அதனால் மிச்சமிருக்கும் சாவியையும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். நல்ல சாவிக்காரர் இரண்டையும் சுத்தமாகச் செய்வார். எதைச் செய்தார் என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. கார் திருடுபோனால் கிளெய்முக்கு இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். பில் இல்லாத டூப்ளிகேட் அங்கே கேள்விகளைக் கிளப்பும். பாலிசியில் சாவி மாற்றும் ஆட்-ஆன் எடுத்திருந்தால் ஷோரூம் பில்லே பெரிய அளவு குறையலாம். பார்க்காமல் பேரத்தில் இறங்காதீர்கள்.

ஆக, பாக்கெட்டிலேயே இருந்தால் போதும் என்கிற ஸ்மார்ட் கீ என்றால் என் ஓட்டு சர்வீஸ் சென்டருக்கு. பல மாடல்களில் வேறு காருக்குப் பயன்பட்ட ஸ்மார்ட் கீயை இன்னொரு காரில் நேரடியாகப் பதிய முடியாது. பழைய சாமான் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் காசு போச்சு. பழைய மாடல், திருகும் சாவி, ஒரு சாவி கையில் இருக்கிறது என்றால் ஜே.சி. ரோடே போதும்.

புஷ் ஸ்டார்ட் கிட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இம்மொபிலைசர் உள்ள காரில் அதை மாட்டுகிறவர்கள், ஒரிஜினல் சிப் ஒன்றை டேஷ்போர்டுக்குள்ளேயே நிரந்தரமாக ஒளித்து வைப்பது வழக்கம். அப்புறம் இம்மொபிலைசர் இருந்தென்ன, இல்லாமல் என்ன! ஒயரை வெட்டிச் சேர்ப்பதால் எலெக்ட்ரிகல் வாரண்டிக்கும் சிக்கல். நான் மாட்டமாட்டேன்.

எங்கே செய்தாலும் காசு கொடுக்குமுன் கதவு, டிக்கி, ஸ்டார்ட் மூன்றையும் ஒவ்வொரு சாவியிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஸ்மார்ட் கீ என்றால் மற்றொன்றைக் கடைக்காரரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அது உங்கள் பாக்கெட்டிலேயே இருந்தால், புதுச் சாவி வேலை செய்யாவிட்டாலும் வண்டி கிளம்பிவிடும்.