நாவலின் கங்கா, திரையின் கங்கா

ஐப்பசி மழைக்கு வீட்டில் அடைந்து கிடந்த வாரத்தில் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் படித்து முடித்தேன். ஞாயிறன்று அக்காவோடு உட்கார்ந்து, பீம்சிங் இயக்கிய 1977ஆம் ஆண்டுப் படத்தையும் பார்த்தேன். ஜெயகாந்தன் பிறந்த கடலூர் மஞ்சக்குப்பத்தில்தான் எங்கள் வீடும். அந்த உரிமையில் சொல்கிறேன்: என் மனம் நாவல் பக்கமே சாய்கிறது.

காரணம், நாயகி கங்கா தன் கதையைத் தானே சொல்வது. வெங்கு மாமா அவளைத் தொடும்போது அவளுக்குள் எழும் அருவருப்பும், அவர் தயவில் படித்தோமே என்ற கூச்சமும் ஒரே மூச்சில் வருகின்றன. சில பக்கங்களில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் இந்த மனக்குரல் குறைவு. அந்தக் குறையைக் கங்காவாக நடித்த லட்சுமியின் முகம் பெரிதும் ஈடுகட்டுகிறது; தேசிய விருது அவருக்கே உரியது. திரைக்கதை, பாடல்கள் இரண்டும் ஜெயகாந்தனே எழுதியவை என்பதால் கதையின் உயிர் போகவில்லை.

கல்லூரி நாளில் கங்காவைக் கெடுத்துவிட்டுப் போன பிரபு மட்டும் எனக்குப் படத்தில்தான் புரிந்தான். படிக்கும்போது அவன்மேல் கோபம்தான் வந்தது. ஸ்ரீகாந்த் நடிப்பில் அவன் வயதாகியும் வளராத பிள்ளையாகத் தெரிகிறான், பாவமாக இருக்கிறது.

அக்காவுக்குப் படம்தான் உசத்தி. “இதற்குமேல் படிக்க வேறு வேண்டுமா?” என்று கண்ணைத் துடைத்தாள். மறுநாள் நெல்லிக்குப்பம் பஸ் ஏறும்போது நாவல் அவள் பையில் இருந்தது.