இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

மீன் தொட்டிக்கான இந்த ஃபில்டர் கிருஷ்ணகிரி பெங்களூர் ரோட்டில் ஒரு வண்ண மீன் கடையில் 280 ரூபாய்க்கு வாங்கியது. பெட்டி மேல் கம்பெனி பெயர்கூட இல்லை. இரண்டு கறுப்பு ஸ்பாஞ்ச் உருளை, நடுவில் ஒரு குழாய், கண்ணாடியில் ஒட்ட இரண்டு ரப்பர், அவ்வளவுதான் சாமான். காற்று மோட்டார் தனியாக வாங்க வேண்டும். ஒன்றரை வருடமாக என் இரண்டடி தொட்டியில் ஓடுகிறது, ஃபில்டரைக் கழுவியதால் ஒரு மீன்கூட இதுவரை சாகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு காரணம் போதும்.

ஏனென்றால் இதற்கு முன்னால் அப்படித்தான் செத்தன. அப்போது வைத்திருந்தது தண்ணீருக்குள் மூழ்கும் மோட்டார் ஃபில்டர், உள்ளே ஒரே ஒரு ஸ்பாஞ்ச். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி, வீட்டுக்கு வரும் ஒகேனக்கல் குடிநீர்க் குழாயில் பிடித்து, அழுக்கு ஒரு சொட்டு வராத வரைக்கும் பிழிந்து மாட்டினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் தங்க மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, மறுநாள் இரண்டும் இல்லை. கடைக்காரத் தம்பியிடம் தண்ணீரை பாட்டிலில் எடுத்துப் போனபோது அவர் முதலில் கேட்டதே, "அண்ணா, ஸ்பாஞ்சைக் கழுவினீங்களா?" என்றுதான். ஆமாம் என்றதும், "பைப் தண்ணியிலயா?" என்றார். சோதித்துப் பார்த்தால் அம்மோனியா ஏறிக் கிடந்தது.

மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் நாள் முழுக்க அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்து இல்லை, வாரம் கால்வாசி தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிப் படிந்து வாழ்பவை, காற்றோட்டத்தோடு தண்ணீர் ஓடும் ஸ்பாஞ்சில்தான் நிறைய. குடிநீரில் கிருமியைக் கொல்லத்தான் குளோரின் போடுகிறார்கள், நமக்கு அது நல்லது, ஆனால் நல்ல கிருமி கெட்ட கிருமி என்று அது பார்க்காது. போனது சீக்கிரம் திரும்பி வராது என்பதுதான் பெரிய சிக்கல். சாதாரண பாக்டீரியா அரை மணியில் இரட்டிப்பாகும், இவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். புதுத் தொட்டி பக்குவப்பட 4 முதல் 6 வாரம் பிடிப்பது அதனால்தான். நம் பக்கத்து போர் தண்ணீரில் இன்னொன்றும் உண்டு. என் வீட்டில் பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8 காட்டுகிறது, பிஹெச் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகிறது.

இந்த ஃபில்டரில் ஸ்பாஞ்ச் இரண்டு என்பதால் ஒன்றைக் கழுவும்போது மற்றது தொடப்படாமல் அப்படியே இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடது பக்கம், அடுத்த மூன்று வாரம் கழித்து வலது பக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்கிறேன். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்தே அரை பக்கெட் எடுத்துக்கொள்வேன். ஸ்பாஞ்சை அப்படியே தூக்கினால் உள்ளே இருக்கிற மண்டி முழுவதும் தொட்டிக்குள் புகை மாதிரி கிளம்பிவிடும், அதனால் தண்ணீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கவரை அதன் மேல் போர்த்தி, அடியில் பிடித்து உருவி எடுக்க வேண்டும். பக்கெட்டுக்குள் மூன்று நான்கு முறை மெதுவாக அமுக்கி விட்டால் டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வரும், மழை பெய்த மண் வாசனைதான் அடிக்கும். அழுகின நாற்றம் அடித்தால் உள்ளே காற்றுப் போகவில்லை, ரொம்ப நாள் விட்டுவிட்டோம் என்று அர்த்தம். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும், தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் போதும். அந்தப் பக்கெட் தண்ணீரை என் மனைவி கறிவேப்பிலைச் செடிக்கு எடுத்துப் போய்விடுவார், கொட்டிவிட்டால் கோபம் வரும்.

குறை இல்லாமல் இல்லை. காற்று மோட்டாரின் ரீங்காரம் ராத்திரியில் கேட்கும், அடியில் மடித்த துணி வைத்த பிறகு பாதியாகக் குறைந்தது. ஒட்டும் ரப்பர் எட்டு மாதத்தில் இறுகிப்போய் பிடிப்பு விட்டது. தண்ணீர் கண்ணாடி போல் ஜொலிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது, மெல்லிய தூசு கொஞ்சம் மிதக்கத்தான் செய்யும். அதற்கு வெள்ளைப் பஞ்சு வைக்கிற ஃபில்டர் கூடுதலாக வேண்டும், அந்தப் பஞ்சை எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் கவலை இல்லை, பாக்டீரியாவுக்கு இந்த ஸ்பாஞ்ச் இருக்கிறதே. பெரிய தங்க மீன் நாலைந்து வளர்ப்பவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

கரண்ட் கட் ஆகும் நாளில்தான் இதன் அருமை தெரியும். மின்வாரியப் பராமரிப்பு என்று காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். மூடிய டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டரில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீரை மோட்டார் தொட்டிக்குள் தள்ளும். ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரில் இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் அப்படி ஆவதில்லை. பேட்டரி காற்று மோட்டார் ஒன்று வைத்திருந்தால் ட்யூபை மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் ட்யூப் வழியாகத் தண்ணீர் பின்னால் ஏறி மோட்டாருக்குள் போய்விடும்.

போன மாசியில் காவேரிப்பட்டணத்தில் தங்கை வீட்டில் புதுத் தொட்டி வைத்தார்கள். "அண்ணே, ஒரு மாசமா சும்மா தண்ணிய ஓட விடணும்?" என்று கேட்டாள். என் ஸ்பாஞ்சில் ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு, காயவிடாமல் கொண்டுபோய் அவள் ஃபில்டரில் மாட்டினேன். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். மூன்று கப்பி மீனோடு ஆரம்பித்தாள், இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதித்தோம், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தைத் தாண்டவில்லை.

வாங்கும்போது இரண்டு ஸ்பாஞ்சும் தனித்தனியாக உருவ வருகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள், சிலதில் ஒட்டியே வருகிறது. உபரி ஸ்பாஞ்ச் ஒன்றும் சேர்த்து வாங்கி, பழையது பிய்ந்துபோகும் வரை காத்திருக்காமல் இப்போதே தொட்டியின் ஓரத்தில், தண்ணீர் ஓட்டம் படுகிற இடமாகப் பார்த்துப் போட்டு வையுங்கள், மாற்ற வேண்டிய நாளில் அது தயாராக இருக்கும்.