கயிறு, கல், பூ: கதை சொல்லும் கூட்டத்துக்குப் போய்வந்த அனுபவம்

வவுனியாவில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி, “அம்மாவை அந்தக் கதை சொல்லுற கூட்டத்தில சேர்த்து விடட்டோ?” என்று கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். போரில் பட்டதைச் சொல்லி மனம் ஆறுவதற்கான கூட்டம் அது. முல்லைத்தீவில் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கிறது, கொரோனாவுக்கு முன்பிருந்தே போகிறேன்.

முறை பலருக்குத் தெரிந்திருக்கும். நிலத்தில் கயிற்றை விரித்து, பிறந்ததிலிருந்து இன்றுவரை கெட்டதுக்குக் கல், நல்லதுக்குப் பூ வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவது. ஜெர்மனியில் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர் உருவாக்கியது, 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் வடகிழக்குப் பிள்ளைகளோடும் செய்திருக்கிறார்கள். உண்மையில் அது ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கும் சிகிச்சை. இங்கே கூட்டமாகச் செய்கிறார்கள்.

எனக்குப் பிடித்ததே அந்தக் கூட்டம்தான். 2009 இறுதிப் போர் என் மண்டைக்குள் ஒரே இரவாகக் கிடந்தது, எது முதல் எது பிறகு என்று தெரியாது. கயிற்றில் ஏற்றத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த அக்கா, “இல்லையடி, மாடுகளை அவிழ்த்து விட்டது தருமபுரத்தில, பங்கருக்குள்ள தண்ணி நிண்டது சுதந்திரபுரத்தில” என்று குறுக்கே விழுந்தார். இன்னொருவர் அதை மறுத்தார். தையல் மெஷினை இரணைப்பாலை வரை தோளில் காவிக்கொண்டு போன ஐயாவின் கதைக்கு மண்டபமே சிரித்தது, அவரும் சிரித்தார். விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று எல்லோரும் ஒரே வழியால் நடந்தவர்கள், நான் மறந்த இடத்தை யாராவது ஒருவர் வைத்திருப்பார். அந்த ஒழுங்கு வந்த பிறகு இரவில் திடுக்கிட்டு எழும்புவது நன்றாகக் குறைந்தது. ஆகாயத்தில் ஏதும் இரைந்தால் இன்னும் குனிகிறேன், அது வேறு.

இனி எரிச்சல். எங்கள் கூட்டத்தில் கயிற்றுக்கு இரண்டே இரண்டு பொருள்தான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு எதை வைப்பது?

போர் முடிவில் வட்டுவாகலில் மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த அம்மா ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கிய காலத்திலிருந்தே அங்கே போய் இருப்பவர். கயிறு அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். கூட்டத்தை நடத்த வந்த இளம் பிள்ளை, “கல்லை வையுங்கோ அம்மா, மனம் லேசாகும்” என்றது. “கல்லு வைச்சா பிறகு திவசமும் குடுக்கவெல்லோ வேணும்” என்றார் அம்மா. முடிந்துபோனதைச் சொல்லி ஆறுவதற்கான முறை இது, அவருக்கு இன்னும் எதுவும் முடியவில்லையே!

ஒருமுறை என்றால் பொறுக்கலாம். திட்டக் காசு முடிய ஆள் மாறும், புது ஆள் வந்து அதே கல்லை மறுபடி நீட்டும். மூன்றாவதாக ஏதாவது வையுங்கோ, ஒரு பனங்கொட்டையாவது வையுங்கோ என்று சொல்லிப் பார்த்தேன், கையேட்டில் இல்லையாம். வருகிற பிள்ளைகளையும் முழுதாகக் குறை சொல்ல ஏலாது, கொழுத்தும் வெயிலில் பஸ் பிடித்து வந்து, எங்களுடையதை எல்லாம் கேட்டு, பிறகு படிவமும் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். ஆனால் போன கிழமையும் அதே கல் நீண்டபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த அம்மா இடையிலேயே எழும்பிப் போய்விட்டார்.

சரி, பதிலுக்கு வருகிறேன். எனக்கு நித்திரை தந்த இடம் அது. இருந்தாலும் இன்றைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான், கோபம் ஆறின பிறகு அடுத்த மாதம் கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன். உன் அம்மா இன்னும் அண்ணாவைத் தேடிக்கொண்டிருக்கிறார், அவரை இப்போதைக்கு அனுப்பாதே. நீ வேண்டுமென்றால் வா. சனிக்கிழமை பின்னேரம் நடக்கும். தேத்தண்ணி தருவார்கள், சீனியை மட்டும் கையோடு கொண்டு வா.