நாகர்கோவிலில் இருந்து அமெரிக்க மசோதா படிக்க: காங்கிரஸ்.கவ் தளம் எப்படி?

"சீனாவைக் கண்காணிக்கத் தூதரகங்களுக்கு அமெரிக்கா புதுச் சட்டம்" என்று தலைப்பு வந்தால் போதும், நம்மூர்ப் போட்டித் தேர்வு வாட்ஸ்அப் குழுக்களில் மதியத்துக்குள் அது பாடக்குறிப்பாகிவிடும். பாதி நேரம் அது சட்டமே இல்லை, யாரோ ஒரு உறுப்பினர் தாக்கல் செய்த மசோதா. சரிபார்க்க நல்ல இடம் காங்கிரஸ்.கவ் (congress.gov). காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம்; அதன் நூலகம் நடத்தும் தளம் இது. கட்டணம் இல்லை, உள்நுழையாமலே படிக்கலாம். ஆனால் முதல் தடவை போகிறவரைத் தடுமாற வைக்கும் இடங்கள் அதில் இருக்கின்றன.

நமக்கு எதற்கு இது என்று கேட்க வேண்டாம். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. இந்த மாதிரித் துறைமுகம், கடன், தொலைத்தொடர்பு ஒப்பந்தங்களைக் கவனிப்பதற்காகவே அமெரிக்க வெளியுறவுத் துறை 'பிராந்திய சீன அதிகாரிகள்' என்ற பொறுப்பில் ஆட்களை வெளிநாட்டுத் தூதரகங்களில் வைத்திருக்கிறது. வாஷிங்டனில் இவர்கள் வேலையை ஒருங்கிணைக்கும் அலுவலகம் 2022 டிசம்பரில் தொடங்கியது. பேச்சுவழக்கில் அதற்குச் 'சைனா ஹவுஸ்' என்று பெயர்.

தேடும்போது அந்த அதிகாரிகளின் பதவிப் பெயரை ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோளுக்குள் அடியுங்கள்: "Regional China Officer". மேற்கோள் இல்லாவிட்டால் சீனா என்ற சொல் வரும் மசோதாவெல்லாம் வந்து கொட்டும். எந்தக் காங்கிரஸைத் தேடுகிறது என்பதையும் பாருங்கள்; அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒரு காங்கிரஸ் என்று எண் போடுவார்கள். 2023, 2024 என்றால் 118-ஆவது; 2025, 2026 என்றால் 119-ஆவது. நடப்புக் காங்கிரஸ் மட்டும் தேர்வாகி இருந்தால் பழைய மசோதா தலைகாட்டாது.

மசோதா கிடைத்ததும் சுருக்கத்தை விட்டுவிட்டு 'ஆக்‌ஷன்ஸ்' தாவலுக்குப் போங்கள்; மசோதா எதுவரை போனது என்பது அங்கேதான் தெரியும். எச்.ஆர். 1157-ஐ எடுத்துக்கொள்ளலாம் (எச்.ஆர். என்றால் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையில் தாக்கலானது). சீனாவின் தீய செல்வாக்கை எதிர்கொள்ளும் நிதிக்கு 2023 முதல் 2027 வரை ஆண்டுக்கு 32.5 கோடி டாலர் அங்கீகரிக்கும் மசோதா அது. 2024 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 351-36 என்று நிறைவேறியது. பல குறிப்புகள் அதோடு நின்றுவிட்டன. மேல்சபையான செனட் அதை நிறைவேற்றவில்லை. 2025 ஜனவரி 3-ஆம் தேதி அந்தக் காங்கிரஸ் முடிந்ததோடு மசோதாவும் காலாவதி. நம்மிடம் மக்களவை கலைந்தாலும், மாநிலங்களவையில் தாக்கலாகி மக்களவைக்குப் போகாத மசோதா பிழைத்துக்கொள்ளும். அங்கே இரு சபைகளில் நிலுவையில் உள்ள எல்லா மசோதாவும் போய்விடும், அடுத்த காங்கிரஸில் புது எண்ணோடு திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும். இன்னொன்று: அங்கீகாரம் வேறு, நிதி ஒதுக்கீடு வேறு. 32.5 கோடி என்று மசோதாவில் எழுதியிருப்பதாலேயே பணம் வந்துவிடாது.

பெரிய தலைவலி எண் மாறாட்டம்தான். எச்.ஆர். 7776 நீர்வள மசோதாவாகத் தொடங்கியது. கடைசியில் 2023 நிதியாண்டுக்கான பாதுகாப்பு அங்கீகாரச் சட்டமாகி, 117-263 என்ற பொதுச்சட்ட எண் பெற்றது. வெளியுறவுத் துறைக்கான 2022-ஆம் ஆண்டு அங்கீகாரச் சட்டமும் அதன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. நீங்கள் தேடும் தூதரக அதிகாரி பற்றிய தனி மசோதா நகரவே இல்லை என்று முடிவு கட்டும் முன் 'ரிலேட்டட் பில்ஸ்' தாவலைத் திறந்து, அதே வாசகம் வேறு மசோதாவுக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தாவலும் எல்லாவற்றையும் பிடித்துத் தராது. பாதுகாப்புச் சட்டத்துக்குள் தனியாக ஒரு சொல்தேடல் போட்டுவிடுவது நல்லது.

'டெக்ஸ்ட்' தாவலில் எந்தப் பதிப்பு என்பது முக்கியம். தாக்கலான பதிப்பு, சபையின் ஆய்வுக் குழு திருத்திய பதிப்பு, சபை நிறைவேற்றிய பதிப்பு என்று பட்டியல் இருக்கும். 'அதிகாரிகளை நியமிக்க வேண்டும்' என்று முதலில் இருந்தது குழுவில் 'நியமிக்கலாம்' என்று இளகிவிடக்கூடும். 'காங்கிரஸின் கருத்து' என்று தொடங்கும் பிரிவு யாரையும் கட்டுப்படுத்தாது, அதைக் கடமை என்று எழுதிவைக்காதீர்கள். போனில் படிக்க இணையப் பக்க வடிவமே வசதி. வெறும் எழுத்து வடிவத்தில் வரிகள் ஒடிந்து போகும். பாதுகாப்புச் சட்டத்தை முழுப் பிடிஎஃப்பாக இறக்கி ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆயிரக்கணக்கான பக்கம். வேண்டிய பிரிவை மட்டும் அச்சிட்டால் போதும்.

குறைகளும் உண்டு. மசோதாவின் வாசகம் ஏற ஓரிரு நாள் ஆகும், சுருக்கம் இன்னும் தாமதம். சில சமயம் மனிதர்தானா என்ற சோதனைப் பக்கத்திலேயே போன் நின்றுவிடும். தேதியெல்லாம் வாஷிங்டன் தேதி. அங்கே மாலை வாக்கெடுப்பு என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை. அந்தத் தூதரக அதிகாரிகள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதும் இங்கே கிடைக்காது. அறிக்கை கொடு என்று கட்டளையிடும் பிரிவு இருக்கும், கூடவே இரகசிய இணைப்பு வைக்கலாம் என்ற வரியும் இருக்கும்.

ஒரே மசோதாவைத் தொடர்ந்து கவனிக்கிறவர்கள் இலவசக் கணக்கு திறந்து மின்னஞ்சல் அறிவிப்பு போட்டுக்கொள்ளலாம். உடனுக்குடன் வராது, ஆனாலும் வாட்ஸ்அப்பைவிட மேல்.