ஸ்ப்ரங்கி ‘முழுப் பதிப்பு’ என்று காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பிரவுசரில் ஸ்ப்ரங்கி விளையாடுகிறார்கள் என்றால் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். ‘எல்லா ஃபேஸும் (அதாவது ஸ்ப்ரங்கியின் ஒவ்வொரு புதிய பதிப்பும்) திறக்கும், விளம்பரமே வராது’ என்று சொல்லி ஒரு தளம் என் அக்காவிடம் பணம் வாங்கியது. பதிலுக்குக் கிடைத்தது, யார் வேண்டுமானாலும் சும்மாவே விளையாடக்கூடிய அதே விளையாட்டு. அது போதாதென்று வாராவாரம் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டும் இருந்தது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்கிரெடிபாக்ஸ் என்பது பிரான்சைச் சேர்ந்த சோ ஃபார் சோ குட் நிறுவனம் 2009இல் வெளியிட்ட இசை விளையாட்டு. வரிசையாக நிற்கும் உருவங்களின் மேல் ஐகான்களை இழுத்துப் போட்டால் ஒருவர் தாளம் தட்டுவார், ஒருவர் மெட்டு பிடிப்பார், ஒருவர் பாடுவார். எதை எப்போது போட்டாலும் தாளம் தப்பாது. சங்கீதமே தெரியாத பிள்ளைக்கும் தானே ஒரு பாட்டு அமைத்துவிட்ட பூரிப்பு வந்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் ரசிகர்கள் தாங்களே உருவங்கள் வரைந்து, ஒலி சேர்த்துச் செய்யும் பதிப்புகளைத்தான் மாட் (mod) என்கிறார்கள். அப்படிப்பட்ட மாட்களில் ஒன்று, 2024இல் காட்டுத்தீயாகப் பரவியதுதான் ஸ்ப்ரங்கி. அதையும் திருத்தி, மாற்றி, ஃபேஸ் ஃபேஸாக ஏராளம் வந்துவிட்டன. இவற்றைச் செய்யும் ரசிகர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் உழைப்பை எடுத்துக் கடை விரித்திருப்பவர்கள் மேல்தான் கோபம்.

அக்கா மகன் தேடியது ஒரு புது ஃபேஸ். தேடலில் முன்னால் வந்த தளத்தில் அது பூட்டுப் படத்தோடு இருந்தது. ‘ஒரே முறை கட்டணம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததால் அக்கா கட்டினாள். பூட்டு திறந்தது. அடுத்த வாரம் அதைவிடப் பெரிய தொகை ஒன்று கழிந்தது. என்னவென்று பார்த்தால், கட்டணப் பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில், முதல் தொகை ‘சோதனைக் காலத்துக்கு’ மட்டும் என்று ஒரு வரி. சந்தாவை ரத்து செய்ய பட்டன் எங்குமே இல்லை. தொடர்புக்கென்று கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு எழுதினால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

அப்புறம் நானே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். விளையாட்டு ஏறும்போது நடுவில் ஒரு பச்சைக் கொடி தெரிந்து மறைந்தது. ஸ்க்ராட்ச் பயன்படுத்தியவர்களுக்கு அந்தக் கொடியை நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் பிறந்து, பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் இலவசத் தளம் அது. பக்கத்தின் மூலநிரலை (பக்கத்துக்குப் பின்னால் எழுதியிருக்கும் நிரலை)த் திறந்தால், உள்ளே ஒரு ஸ்க்ராட்ச் படைப்பின் முகவரி அப்படியே கிடந்தது. அதை எடுத்துத் தனி டேபில் போட்டேன். அதே விளையாட்டு, காசில்லாமல். பக்கத்தில் செய்தவரின் பெயர், யாரிடமிருந்து எதை எடுத்தேன் என்று அவர் எழுதிய நன்றிக் குறிப்பு எல்லாம் இருந்தன. ஸ்க்ராட்சில் பகிர்ந்ததை எடுத்தாள்பவர் செய்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது உரிம விதி. பணம் வாங்கிய தளமோ அந்தப் பெயரை மறைத்துவிட்டு விளையாட்டை மட்டும் தன் பக்கத்துக்குள் பதித்துக் காட்டியிருந்தது. நாங்கள் கட்டியதில் ஒரு காசுகூட அந்த ரசிகருக்கோ, முதலில் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கோ போகவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

இன்னொரு தொல்லையும் அங்கிருந்தே வந்தது. ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று ஒரு பெட்டி. அது எந்தச் சோதனையும் இல்லை. பிரவுசர் அறிவிப்புகளுக்குக் கேட்கும் அனுமதி. அதை அழுத்திவிட்டால் விளையாட்டை மூடிய பிறகும் திரை ஓரத்தில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று வந்துகொண்டே இருக்கும். பிள்ளை பயந்து அதை அழுத்தினால் அடுத்த வலை. குரோமில் அமைப்புகளுக்குள் தள அமைப்புகள், அதில் அறிவிப்புகள் என்று போய், தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் கருவி) பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். இந்த விளையாட்டுக்கு எந்த எக்ஸ்டென்ஷனும் தேவையில்லை. டவுன்லோடு பட்டனும் அப்படித்தான்: பிரவுசரிலேயே ஓடும் விளையாட்டுக்கு எதற்கு ஒரு கோப்பை இறக்க வேண்டும்?

சின்னப் பிள்ளைகள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ப்ரங்கியில் ஒரு கறுப்புத் தொப்பி ஐகான் உண்டு. அதைப் போட்டதும் திரை இருண்டு, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த உருவங்கள் ரத்தமும் காயமுமாக மாறிவிடும். செய்தவர் அதைத் திகிலாகவே செய்தார், அதில் தவறில்லை. ஆனால் இந்த நகல் தளம் ‘எல்லா வயதினருக்கும்’ என்று போட்டு ஐந்து வயதுப் பிள்ளையையும் உள்ளே இழுக்கிறது. முதலில் நீங்கள் போட்டுப் பாருங்கள், அப்புறம் கொடுங்கள்.

காசு கொடுத்தே விளையாட வேண்டும் என்றால் இன்கிரெடிபாக்ஸின் அதிகாரபூர்வச் செயலி இருக்கிறது. மாட்களுக்கு, செய்தவர் பெயர் தெரியும் பக்கத்துக்கே நேராகப் போங்கள்.

எங்களைப் போல் ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டி நாளைக் கடத்த வேண்டாம். வங்கியைக் கூப்பிட்டு, இது தொடர் சந்தா, எங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று புகார் பதியுங்கள். கார்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த வணிகர் பெயரில் பணம் எடுக்கப்படுவதை நிறுத்தும்படியும் சொல்லுங்கள், ஏனென்றால் கார்டு எண் மாறினாலும் சில சந்தாக்கள் தொடரக்கூடும். கட்டணப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது எங்களுக்கு உதவியது. கடைசியாகக் கழிந்த தொகை திரும்பி வந்துவிட்டது. முதலில் கட்டியதற்கு வங்கி இன்னும் பதில் சொல்லவில்லை.