நக்கிள்ஹெட்டா, இந்தியன் சீஃபா?

பழைய அமெரிக்க பைக்கில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது? ஹார்லியின் நக்கிள்ஹெட் (1936–47) எஞ்சினைக் கிட்டே போய்ப் பாருங்கள். மடக்கிய கையின் முட்டிகள் மாதிரியே இருக்கும் அந்த ராக்கர் (வால்வைத் திறக்கும் சின்னக் கை) மூடிகள். மேல்வால்வு எஞ்சின் (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே), இழுவைக்குக் குறைவில்லை. ஆனால் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. சீட்டின் ஸ்பிரிங்தான் முதுகைக் காப்பாற்றும்.

இந்தியன் என்ற அமெரிக்க கம்பெனியின் சீஃபுக்கு 1940-லேயே பின்பக்க ஸ்பிரிங் வந்துவிட்டது. சக்கரத்தைப் பாவாடை போல மூடும் அந்த மட்கார்டு, அடடா! பக்கவால்வு எஞ்சின் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில்), அமைப்பு எளிது. 1953-ல் உற்பத்தி நின்றது.

அப்புறம், அக்கால ஹார்லியில் வண்டியின் அடையாள எண் எஞ்சினில் மட்டுமே உண்டு, சேஸிஸில் இல்லை. எண்ணைச் சுரண்டி மறுபடி பொறித்திருந்தால் போட்ட பணம் போச்சு. டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டி அனுபவிக்க என்றால் நான் சீஃபைத்தான் எடுப்பேன்.